அன்றாட வேலையும் ஆண்டவரும்

ஓய்வு பெற்றவர்களைப் பார்த்தால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பொழுது எப்படி சார் போகுது?" கோவில் வாசலில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள், பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பழைய சிநேகிதர்கள் கேட்கிறார்கள். "ஏதோ போகுதுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கேட்பவர் அறுபதைத் தொடப்போகிறவராக இருந்தால், அந்தக் கேள்விக்குள் ஒரு பயமும் இருக்கும். வேலை, சம்பளம், ஷிப்ட் எல்லாம் முடிந்த பிறகு, ஒன்று போலவே விடிந்து ஒன்று போலவே அடைகிற நாட்களுக்கு என்ன அர்த்தம்? கத்தோலிக்கனாக இருந்தால் இன்னும் ஒரு படி கூட. இந்த நாட்களுக்குள் கடவுள் எங்கே இருக்கிறார்?

இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். அன்றாட வேலைக்குள் ஆண்டவரைத் தேடலாம், தேட வேண்டும் என்பது என் நம்பிக்கை. ஆனால் இதை நம்மில் பலர் சொல்கிற விதம் சரியில்லை என்றும் நினைக்கிறேன். இனிப்பு தடவிச் சொல்லிவிடுகிறோம். அதில் இருக்கிற கசப்பையும், அதற்கு வேண்டிய ஒழுங்கையும், அதைத் தவறாகப் பயன்படுத்துகிற ஆபத்தையும் விட்டுவிடுகிறோம்.

முதலில் என் நாள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால்தான் நான் சொல்வது புரியும். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலது கையும் காலும் பாதிக்கப்பட்டன. பேச்சும் போய்விட்டது. காலை ஐந்தரைக்கு எழுந்தால் முதலில் அவளைத் திருப்பிப் படுக்க வைப்பது, பிறகு வெந்நீர், பல் துலக்குவது, உடம்பு துடைப்பது, கஞ்சி, மாத்திரை, கை கால்களுக்குப் பயிற்சி. பதினோரு மணிக்கு மறுபடி திருப்ப வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். மதியச் சாப்பாட்டை நன்றாகக் குழைத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார வைப்பேன். நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்களை அவள் எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரவு மறுபடி மாத்திரை. மறுநாள் இதே வரிசை. ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று அதற்கு விடுமுறை கிடையாது.

சொந்தக்காரர்கள் நல்ல மனதோடு பல யோசனைகள் சொல்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போங்கள் என்கிறார் ஒருவர். ஏதோ ஓர் ஊரில் குணமளிக்கும் கூட்டம் நடக்கிறது, அங்கே போங்கள் என்கிறார் இன்னொருவர். ஒன்பது நாள் நவநாள், உபவாச செபம், கைபேசியில் வருகிற நேரலை செபம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி, கொடியேற்றத்துக்காகச் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். பிப்ரவரி 11 வந்தால் பெரம்பூர் லூர்து அன்னை கோவிலுக்கு நாங்கள் இருவருமே பல வருடங்கள் போயிருக்கிறோம். ஆனால் இந்த யோசனைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: கடவுள் இங்கே இல்லை, எங்கேயோ இருக்கிறார், அங்கே போனால்தான் கிடைப்பார் என்ற எண்ணம். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நம்முடைய திருச்சபையின் நாட்காட்டியே அந்த எண்ணத்துக்கு எதிராக இருக்கிறது. திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்புக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் என்று சிறப்பான காலங்கள் நான்கு. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் வருடத்தில் பாதி கூட வராது. மீதி 33 அல்லது 34 வாரங்கள் ஆண்டின் பொதுக்காலம். ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்து சாம்பல் புதன் வரைக்கும் ஒரு பகுதி, தூய ஆவியார் பெருவிழா முடிந்து திருவருகைக் காலம் வரைக்கும் ஒரு பகுதி. குருவானவர் பச்சை உடை போட்டுக்கொண்டு வருவார். இந்த வாரங்களுக்குத் தனிப் பெயர் இல்லை, எண் மட்டும்தான்: பதினேழாம் வாரம், பதினெட்டாம் வாரம், பத்தொன்பதாம் வாரம். குடில் இல்லை, குருத்தோலை இல்லை, பாஸ்கா மெழுகுதிரி இல்லை. வருடத்தின் பெரும்பகுதியைத் திருச்சபை இப்படிச் சாதாரணமாக வைத்திருக்கிறது என்றால், அதில் நமக்கு ஏதோ சொல்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஆண்டவரின் வாழ்க்கையும் அதே கணக்குதான். பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். ஊர் ஊராகப் போய்ப் போதித்தது ஏறக்குறைய மூன்று வருடம். மற்ற வருடங்களில் பெரும்பகுதி நாசரேத்தில் ஒரு தச்சன் வீட்டில் கழிந்தது. அந்த வருடங்களைப் பற்றி நற்செய்தி நூல்கள் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. எழுதுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது. மரம் அறுத்தார்கள், இழைத்தார்கள், சாப்பிட்டார்கள், ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் போனார்கள். உலகத்தை மீட்க வந்தவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த வீட்டின் தலைவரைப் பற்றித் தமிழில் ஒரு காப்பியமே இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியமாட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணிதான் அது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். அதன் தலைவன் சூசையப்பர். வளன் என்று அழகான தமிழ்ப் பெயர் கொடுத்திருக்கிறார் முனிவர். காப்பியத்துக்குத் தலைவனாக அரசனையோ போர்வீரனையோ தேடாமல் ஒரு தச்சரை எடுத்ததுதான் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. நற்செய்தியில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கூட இல்லை. கனவில் சொல்லப்படுகிறது, எழுந்திருக்கிறார், செய்கிறார். அவ்வளவுதான். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்து நான்கு வருடம் லேத்துக்கு முன்னால் நின்ற எனக்கு அந்த விழா மேல் தனிப் பிரியம்.

புனிதர்களிலும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. பாரிஸில் 17ஆம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்படவில்லை, ஆனாலும் உலகம் முழுவதும் அவரைப் படிக்கிறார்கள். முன்னாள் போர்வீரர். காலில் அடிபட்டு நொண்டியானவர். கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது சமையல்கட்டில் போட்டார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பாகப் பிடிக்கவில்லை என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் செய்தி. பிடிக்காத வேலையைப் பல வருடங்கள் செய்தார். பிறகு செருப்புத் தைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அதையும் செய்தார். அடுப்படியில் நிற்கும்போதும் நற்கருணைக்கு முன் முழந்தாளிடும்போதும் ஒரே ஆண்டவரோடுதான் இருக்கிறேன் என்பதே அவர் சொன்ன விஷயத்தின் சாரம்.

சிறுமலர் தெரேசாவைத் தெரியாத கத்தோலிக்க வீடு நம்மிடையே இல்லை. பதினைந்து வயதில் 1888இல் லிசியே கார்மேல் மடத்துக்குள் போனார். 1897இல் இருபத்து நான்கு வயதில் இறந்தார். வெளியே போய் அவர் ஒன்றும் செய்யவில்லை. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்க விட்டுக்கொண்டே இருப்பார். செப நேரத்தில் இன்னொரு சகோதரி எரிச்சல் உண்டாக்கும் சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். இவற்றைப் பொறுத்துக்கொண்டதையெல்லாம் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். நூறு வருடம் கழித்து 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அழுக்குத் தண்ணீர் தெறித்த கதையை எழுதிய பெண்ணை அகுஸ்தினார், அக்குவினாஸ் தோமா வரிசையில் வைத்தார்கள். இதை நினைத்தால், என் வீட்டில் நடக்கிற சின்ன விஷயங்களை அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

2022 மே 15ஆம் தேதி ரோமையில் நம் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே மேடையில், அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொருவரைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிரான்சு நாட்டுக்காரரான சார்லஸ் தெ ஃபூக்கோ. இவர் 1897இல் நாசரேத்துக்குப் போய், அங்கிருந்த கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் எடுபிடி வேலைக்காரராக மூன்று வருடம் போல இருந்தார். ஆண்டவர் மறைவாக வாழ்ந்த ஊரில் தானும் மறைவாக வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. நம் தேவசகாயமோ குடும்பஸ்தர், அரண்மனை ஊழியர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். குருவும் இல்லை, துறவியும் இல்லை. வீடும் வேலையுமாக இருந்த ஒருவர் புனிதராகலாம் என்பதற்கு இனி நாம் வெளிநாடு போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதுவரை நான் சொன்னதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுப்புகள் வேறு இடத்திலிருந்து வரும்.

முதல் மறுப்பு இது: தினமும் செய்வதையே செய்தால் அது இயந்திரம் போல ஆகிவிடாதா? ஐம்பத்து மூன்று மணி செபத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பதால் என்ன பயன்? மனதிலிருந்து சொந்த வார்த்தையில் வருவதுதானே செபம்? இப்படிக் கேட்கிறவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். நேர்மையான கேள்விதான்.

என் மனைவியின் விஷயத்தை வைத்தே பதில் சொல்கிறேன். அவளுக்கு மூளையின் இடது பக்கத்தில் பாதிப்பு. டாக்டர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். நினைப்பது உள்ளே இருக்கும், வார்த்தை வெளியே வராது. தண்ணீர் வேண்டும் என்றால் கையைக் காட்டுவாள், "தண்ணி" என்ற சொல் வராது. எங்கள் மகள் பெயர் கூட வராது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், வழக்கம் போல ராத்திரி ஏழு மணிக்கு அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியை நான் சொல்லி நிறுத்தினேன். இரண்டாம் பாதியை அவள் சொன்னாள். குழறலாகத்தான். ஆனால் முழுசாக, ஒரு வார்த்தை விடாமல். நான் பயந்தே போனேன். பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் கேட்டபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சு போனவர்களில் சிலருக்கு எண்கள், கிழமைகள், பாட்டுகள், சிறு வயதிலிருந்து சொல்லிப் பழகிய செபங்கள் தானாக வரும், யோசித்துப் பேசுகிற பேச்சுதான் முதலில் பாதிக்கப்படும் என்றார். முஸ்லிம் நோயாளிகளிடமும் இந்து நோயாளிகளிடமும் இதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

ஆக இது அற்புதம் கிடையாது. மூளை வேலை செய்கிற விதம். நான் அற்புதம் என்று எந்தக் கூட்டத்திலும் சாட்சி சொல்லவும் மாட்டேன். ஆனால் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொண்டேன். ஐம்பது வருடமாகத் தூக்கக் கலக்கத்திலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும், சில நாள் சலிப்போடும் அவள் சொன்ன அந்த வாய்ப்பாடு எங்கோ ஆழத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொந்த வார்த்தைகள் அத்தனையும் கைவிட்ட நாளில் அதுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. சொந்த வார்த்தையில் மட்டுமே செபித்துப் பழகியிருந்தால் இன்று அவள் வாயால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. இயந்திரம் போலச் செய்வதில் ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பழக்கத்தையே விட்டுவிடச் சொல்வது சரியில்லை. மனம் வந்தபோது மட்டும் செய்வது என்றால் முக்கால்வாசி நாள் செய்யமாட்டோம்.

எங்கள் ஊர் ஏரியைப் பார்க்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் உபரி நீர் அடையாற்றில் போனபோது நாடே இந்த ஏரியின் பெயரைச் சொன்னது. 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தபோதும் சொன்னது. மற்ற நாட்களில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்த மற்ற நாட்களில்தான் ஊழியர்கள் தினமும் அளவு எடுக்கிறார்கள், மதகு ஷட்டருக்குக் கிரீஸ் போடுகிறார்கள், கரையில் ஓட்டை உண்டா என்று பார்க்கிறார்கள். நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் ஒன்று இங்கே இருக்கிறது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை, நினைக்க வேண்டிய தேவையும் இல்லை. மழை கொட்டுகிற ராத்திரியில் ஷட்டர் திறக்க வேண்டுமென்றால் வெயில் நாளில் கிரீஸ் போட்டிருக்க வேண்டும். செபத்துக்கும் அதே சட்டம்தான்.

இரண்டாவது விஷயம் மறுப்பு இல்லை, ஒரு குறுக்குவழி. "நான் செய்கிற வேலையே செபம். எனக்குத் தனியாகக் கோவிலும் செபமும் எதற்கு?" என்று சொல்லிவிடுவது. கேட்க நன்றாக இருக்கும். இதை நான் நம்புவதில்லை. புனித ஆசீர்வாதப்பரின் துறவற ஒழுங்கில் ஓர் அதிகாரம், மடத்தின் சாமான்களையெல்லாம் பீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்று சொல்கிறது. மண்வெட்டியும் சட்டியும் நற்கருணைக் கிண்ணம் மாதிரி! ஆனால் அதே ஒழுங்கு இன்னொரு இடத்தில், செப மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து வா என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வரத் தெரிந்தவனுக்குத்தான் வேலைக்குள்ளும் ஆண்டவர் தெரிவார். மூவேளை செபத்துக்குக் காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று நம் முன்னோர் மணி அடித்தது இதற்காகத்தான். வயலில் நின்றவரும் ஒரு நிமிடம் நின்றார். இன்று கோவில் மணி கேட்காத தூரத்தில் இருக்கிறோம் என்றால் கைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். மாத்திரைக்கு வைக்கிறோமே.

சாமான்களை மதிப்பதைச் சொன்னதும் எனக்குத் தொழிற்சாலை ஞாபகம் வருகிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் ஷாப்பில் எல்லா லேத்தையும் டீசலில் துடைத்து, பிசிறு பிசிறாக இருக்கும் இரும்புச் சுருளையெல்லாம் வாரி, மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டுவார்கள். பொட்டு வைப்பது என் வழக்கமில்லை, துடைப்பதில் முதல் ஆளாக நிற்பேன். பொரி கடலையும் வாங்கிக்கொள்வேன். சோறு போடுகிற இரும்பை வருடத்துக்கு ஒருநாளாவது கும்பிடத் தோன்றிய என் சக தொழிலாளர்களும், சட்டியைப் பீடத்துப் பாத்திரமாக நினைக்கச் சொன்ன ஆசீர்வாதப்பரும் அதிக தூரத்தில் இல்லை என்று எனக்குப் படும்.

கடைசிப் பத்து வருடம் நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். கையில் மைக்ரோமீட்டர். ஒரே மாதிரி புஷ் ஒரு நாளைக்கு நானூறு வரும். முதல் புஷ்ஷை எல்லாரும் கவனமாக அளப்பார்கள். முன்னூற்றுத் தொண்ணூறாவது புஷ்ஷை எப்படி அளக்கிறான் என்பதில்தான் ஆளின் தரம் தெரியும் என்று எங்கள் போர்மேன் சொல்வார். அந்த புஷ் ஏதோ ஒரு லாரியின் சக்கரத்தில் போய் உட்காரும், அந்த லாரியின் டிரைவருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. இன்று மனைவிக்குக் கஞ்சி ஊட்டும்போது இதை நினைத்துக்கொள்கிறேன். இது எத்தனையாவது கஞ்சி என்று எனக்குக் கணக்கில்லை. ஆனால் அவள் வாய்க்கு இந்த ஸ்பூன் புதிது. சூடு பார்க்க வேண்டும், விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் புரை ஏறும். ஆன்மிகம் என்று தனியாக நான் அங்கே எதையும் சேர்ப்பதில்லை. அந்த ஸ்பூனை ஒழுங்காகக் கொடுப்பதுதான் அங்கே என்னிடம் கேட்கப்படுவது.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிக முக்கியம். அன்றாட வேலையில் ஆண்டவரைக் காண்பது என்பதை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். வேலைச் சுமையை ஏற்றி வைத்தவர், சுமப்பவரைப் பார்த்துச் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருகிறார். நான்கு வீட்டில் வேலை செய்கிறார். அவரிடம் போய், "பாத்திரம் தேய்ப்பதிலும் கடவுள் இருக்கிறார்மா" என்று நான் சொன்னால் அது உபதேசமாக இருக்காது, அநியாயமாக இருக்கும். அவருக்கு நான் செய்ய வேண்டியது மாதம் பிறந்தவுடன் சம்பளம், வாரம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு, உடம்பு சரியில்லாத நாளில் பிடித்தம் இல்லாமல் இருப்பது. ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையே வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்வெடுக்க வேண்டும் என்று சேர்த்துத்தான் சொல்கிறது. 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றித் திருமடல் எழுதியபோது, பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நியாயமான கூலி வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்று எழுதினார்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மருமகளைப் பார்த்து, "மரியன்னை மாதிரி பொறுமையா இரும்மா, சமையலும் செபம்தான்" என்று சொல்கிற மாமனார்களை, ஏன், மறையுரைகளைக் கூடக் கேட்டிருக்கிறேன். சமையல் செபம் என்றால் அந்தச் செபத்தில் ஆண்களுக்கும் பங்கு உண்டே! சகோதரர் லாரன்ஸ் ஆண்தான். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கிலும் துறவிகள் முறை வைத்துச் சமையல்கட்டில் பணி செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கோ மருமகளுக்கோ "உனக்கு மோட்சத்தில் இடம் உண்டு" என்று சொல்வதைவிட, "ஞாயிறு காலை நான் வந்து இருக்கிறேன், நீ பூசைக்குப் போய்விட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு மெதுவாக வா" என்று சொல்வது மேல். எங்கள் அன்பியத்தில் இரண்டு குடும்பங்கள் எனக்கு இதைச் செய்கிறார்கள். முதல் சனிக்கிழமை ஒருவர், ஞாயிறு ஒருவர். அவர்கள் எனக்கு எந்த உபதேசமும் செய்வதில்லை. வந்து உட்காருகிறார்கள், நான் கோவிலுக்குப் போகிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பெரும்பாலான நாட்களில் நான் எதையும் உணர்வதில்லை. கஞ்சி கொடுக்கும்போது மனம் உருகுவதில்லை, துணி மாற்றும்போது விண்ணக வாசனை வருவதில்லை. முதுகு வலிக்கிறது, தூக்கம் வருகிறது. முன்பெல்லாம் இது ஒரு குறையோ என்று யோசித்ததுண்டு. 2007இல் அன்னை தெரேசாவின் கடிதங்கள் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்தது. பல பத்து வருடங்கள் அவருக்குள் இருட்டாகவே இருந்திருக்கிறது, கடவுள் அருகில் இருப்பதாக உணரவே இல்லை. ஆனாலும் தினமும் விடியற்காலையில் எழுந்தார், பூசை கண்டார், நோயாளிகளைத் தொட்டுத் துடைத்தார். 2016இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். உணர்ச்சி வந்தால் நல்லது, வராவிட்டாலும் எழுந்திருக்க வேண்டிய மணி ஐந்தரைதான்.

பூசையில் காணிக்கைப் பகுதியை இப்போது கூர்ந்து கவனிக்கிறேன். அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கும்போது, அவை மண்ணின் விளைவு மட்டுமில்லாமல் மனித உழைப்பின் பயன் என்றும் குருவானவர் சொல்கிறார். கோதுமை மணியையும் திராட்சைக் குலையையும் அப்படியே பீடத்தில் வைப்பதில்லை. யாரோ அறுத்து, அரைத்து, சுட்டுக் கொண்டு வந்த பிறகுதான் அது பீடத்துக்கு வருகிறது. பிறகு கிண்ணத்து இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். அந்தச் சொட்டு இரசத்தில் கலந்த பிறகு தனியாகத் தெரியாது, பிரிக்கவும் முடியாது. அந்த வாரத்துக் கஞ்சி, மாத்திரை, துவைத்த துணி எல்லாவற்றையும் நான் அந்தச் சொட்டோடு வைத்துவிடுகிறேன். வேறு எதுவும் கொண்டு போக என்னிடம் இல்லை.

இப்போதுதான் ஓய்வு பெற்ற, அல்லது பெறப்போகிற நண்பர்களுக்கு என் யோசனை மூன்று. ஒன்று, ஒரு நாளில் மூன்று வேளை நின்று செபிக்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதும், ஆனால் தவறக்கூடாது. இரண்டு, வீட்டில் யாராவது பல வருடமாகச் செய்து களைத்துப் போன ஒரு வேலையை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் பாராட்டாவிட்டாலும். மூன்று, பக்கத்துத் தெருவில் நோயாளியோடு அடைபட்டுக் கிடக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். வாரம் இரண்டு மணி நேரம் அவருக்குப் பதிலாக நீங்கள் போய் உட்காருங்கள். அவர் எங்கே போகிறார் என்று கேட்காதீர்கள். கோவிலுக்கும் போகலாம், ஏரிக்கரைக்கும் போகலாம், தூங்கவும் செய்யலாம்.

இந்த மூன்றையும் ஒரு பொதுக்காலம் முழுக்கச் செய்து பாருங்கள். பொழுது எப்படிப் போகிறது என்று அதற்குப் பிறகு யாராவது கேட்டால், பதில் உங்களிடமே இருக்கும்.